பழைய சொகுசு கார்களில் டயர் தேய்மானம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், நேப்பியர், டைம்லர், லான்செஸ்டர் என்று 1906 முதல் 1925 வரை வந்த பெரிய கார்களைப் பராமரிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் டயர் பற்றியவைதான். “புது செட் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஓரம் போய்விட்டது. டயரே மட்டமா?” என்பார்கள். பெரும்பாலும் தப்பு டயரில் இருக்காது. முதலில் காற்று, அடுத்து ரிம், அப்புறம் போல்ட், கடைசியாக ஸ்டியரிங்கும் ஆக்சிலும் என்ற வரிசையில் பாருங்கள். காசு செலவில்லாமலே பல கோளாறுகள் பிடிபடும். வரிசையை மாற்றி முதலிலேயே புது டயருக்கு ஆர்டர் கொடுத்தால் அந்த செட்டும் அதே மாதிரிதான் தேயும்.

1907-ல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் சில்வர் கோஸ்ட் 14,371 மைல் இயந்திரக் கோளாறால் நிற்காமல் ஓடியது. அந்தப் பெருமை இயந்திரத்துக்குச் சேர வேண்டியது. டயர் கதை வேறு. இந்த எடையுள்ள கார்களை வைத்திருந்தவர்களுக்கு அன்று பெட்ரோலைவிட டயர்தான் பெரிய செலவு. இன்றும் ஒரு செட் வாங்கும் விலை எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு அறிகுறியையும் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

எதையும் தொடும் முன்: உங்களிடம் இருப்பது எந்த வகை?

டயரின் பக்கவாட்டில் 895×135, 880×120, 820×120 என்று மில்லிமீட்டரில் எழுதியிருந்தால் அது பீடட் எட்ஜ் டயர். முதல் எண் மொத்த உயரம், இரண்டாவது எண் அகலம். எண் அழிந்திருந்தால் ரிம்மைப் பாருங்கள். விளிம்பு உள்பக்கமாகக் கொக்கி போல் சுருண்டிருந்தால் பீடட் எட்ஜ்தான். 1920-களின் பிற்பாதியில் வந்த கார்களிலும் அமெரிக்கக் கார்களிலும் விளிம்பில் எஃகுக் கம்பி வைத்த டயர்கள் இருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பீடட் எட்ஜ் டயரின் விளிம்பில் கம்பி கிடையாது. ரிம்மின் கொக்கிக்குள் அதைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்று மட்டுமே. காற்று குறைந்தால் டயர் தேய்வதோடு நிற்காது. வளைவில் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான்.

அறிகுறி 1: இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது, நடுவில் பட்டன் (தரையில் படும் மேடுகள்) அப்படியே இருக்கிறது

*காற்று குறைவு.* வேறு எதையும் யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஓட்டும் முன் அளக்க வேண்டும். இன்றைய காருக்குப் பழகிய கை 32, 35 என்று நிறுத்திவிடும். பீடட் எட்ஜ் டயர்களுக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம்) அல்லது அதற்கு மேல் வேண்டும். சரியான எண்ணை உங்கள் டயர் அளவுக்கும் காரின் எடைக்கும் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் பார்த்து, பின் சக்கரத்துக்குத் தனியாக, முன் சக்கரத்துக்குத் தனியாகக் குறித்து வையுங்கள். 1910-களில் அமெரிக்காவில் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு 20 பவுண்டு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது அன்றைய துணி டயருக்கான கணக்கு. இன்று செய்து வரும் டயருக்குத் தயாரிப்பாளர் சொல்வதுதான் செல்லும்.

*காற்று பிடித்தும் நிற்கவில்லை.* வால்வு வாயில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் வால்வின் உள் பாகத்தை மாற்றினால் போதும். குமிழ் இல்லாமலும் வாரத்துக்கு வாரம் இறங்கினால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும்.

*காற்று சரி, ஆனாலும் ஓரம் தேய்கிறது.* அப்படியானால் காரின் எடை டயருக்கு அதிகம். சில்வர் கோஸ்ட் போன்ற கார்களை அன்று சேசிஸாகத்தான், அதாவது பாடி இல்லாத அடிச்சட்டமாகத்தான், விற்றார்கள்; பாடியை வேறு நிறுவனம் கட்டியது. திறந்த டூரர் பாடியில் இருந்த காருக்குப் பிற்காலத்தில் கனமான லிமோசின் பாடி ஏற்றியிருப்பார்கள், டயர் அளவு மட்டும் பழையபடியே இருக்கும். ஓர் எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை எடை பாருங்கள். டயருக்குச் சொன்ன சுமையைத் தாண்டினால், அதே ரிம்மில் உட்காரும் அடுத்த பெரிய அளவு இருக்கிறதா என்று பழங்கார் டயர் விற்பவரைத்தான் கேட்க வேண்டும். ஊகித்து வாங்க வேண்டாம். அளவு கொஞ்சம் மாறினாலும் விளிம்பு கொக்கியில் சரியாக உட்காராது.

*இதோடு சேர்த்து, ரிம்முக்குச் சற்று மேலே டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் வெட்டுப் போல் ஒரு கோடு தெரிகிறது.* நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியதன் தடம் அது. விரல் நகத்தை அந்தக் கோட்டில் வைத்து இழுங்கள். நகம் உள்ளே இறங்கித் துணி நூலைத் தொட்டால் அந்த டயரை இனி ரோட்டில் ஓட்டக் கூடாது. ஒட்டுப் போடுவதற்கும் இடமில்லை.

அறிகுறி 2: நேராக நின்ற வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பயம் தரும் அறிகுறி இதுதான். டயர் ரிம்மின் மேல் மெல்ல மெல்ல நகர்கிறது, டியூபையும் கூடவே இழுக்கிறது, வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு சாய்கிறது. அடுத்து வால்வு அடியோடு கிழியும். ஒரே நொடியில் காற்று முழுக்கப் போகும். பீடட் எட்ஜ் டயரில் அப்படிக் காற்று போனால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சாக்பீஸ் போதும். டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரே நேர்கோடு போடுங்கள். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்துவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நகர்ச்சி உறுதி. அப்புறம் இந்த வரிசையில் பாருங்கள்:

*காற்று.* இங்கேயும் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

*செக்யூரிட்டி போல்ட்.* டயரின் இரண்டு விளிம்புகளையும் உள்ளிருந்து ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை வைத்த போல்ட்கள் இவை. ரிம்மின் உள்சுற்றில், முனையில் நட்டு மாட்டிய தண்டுகளாகத் தெரியும். நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். கையாலேயே சுற்றினால் தளர்ந்திருக்கிறது. புது டயர் போட்டுச் சில நாள் ஓடிய பிறகு இவற்றை ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும். ரப்பர் அமர்ந்து இடம் விடும் என்பதால் முதல் நாள் இறுக்கியது போதாது. சில கார்களில் போல்ட்களையே எடுத்துவிட்டுத் துளையில் ரப்பர் அடைத்திருப்பார்கள், பஞ்சர் போடச் சுலபம் என்று. துளை இருந்தால் போல்ட்டும் இருக்க வேண்டும்.

*ரிம்மில் எண்ணெய் அல்லது சோப்பு.* டயர் மாட்டும்போது வழுக்குவதற்காகத் தடவியது உள்ளேயே தங்கியிருக்கும். கழற்றித் துடைத்து, டால்க் பொடி போட்டு மாட்டுங்கள். அன்றைய கையேடுகளும் பொடியைத்தான் சொல்கின்றன.

*நீண்டுபோன விளிம்பு.* காற்று சரி, போல்ட் சரி, ரிம்மும் சுத்தம், ஆனாலும் நகர்கிறதா? டயரின் விளிம்பு நீண்டுவிட்டது. காற்றில்லாமல் ரிம்மில் மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று உட்காரும். இதைச் சரிசெய்ய வழியில்லை, டயரை மாற்ற வேண்டும். மாற்றும் முன் ரிம்மின் கொக்கி தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பழங்காலச் சக்கர வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மெலிந்த கொக்கியில் புது டயரும் நிற்காது.

அறிகுறி 3: ஒரே சக்கரம் திரும்பத் திரும்பப் பஞ்சர்

டியூபை வெளியே எடுக்கும்போது வால்வை அடையாளமாக வைத்து, எந்தப் பக்கம் எந்த இடத்தில் ஓட்டை என்று குறித்துக்கொள்ளுங்கள். இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

ஓட்டை தரைப்பக்கம் இருந்தால் டயருக்குள் பழைய ஆணியோ முள்ளோ இன்னும் இருக்கிறது. உள்பக்கம் முழுவதும் ஒரு துணியால் தடவுங்கள், நூல் சிக்கும் இடத்தில் ஆள் இருக்கிறான்.

ரிம் பக்கம் இருந்தால் துருச் செதில், அல்லது கம்பி ஸ்போக்கின் நுனி. ஸ்போக் நுனிகளைத் தேய்த்துச் சமமாக்கி, மேலே ரிம் டேப் சுற்ற வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து பெயின்ட் அடித்து, பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே டயர் போடுங்கள்.

பக்கவாட்டில் ஒரு சின்ன நீளக் கீறல் என்றால் டியூப் செக்யூரிட்டி போல்ட்டின் இறக்கைக்கு அடியில் மாட்டியிருக்கிறது. இது மாட்டியவர் கையில் நடந்தது. டியூபில் கொஞ்சம் காற்று விட்டு உருவம் வரச் செய்து, பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தண்டையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்பி வந்தால் டியூப் மாட்டவில்லை. எங்காவது கல் போல் நின்றால் அந்த இடத்தை மறுபடி திறக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு பாதிக் காற்று பிடித்து, விளிம்பு சுற்றிலும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முழுக் காற்று.

தெருமுனைப் பஞ்சர் கடையில் இதைக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். அவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த வகை டயரை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவுதான். 1904-ல் வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி சக்கரம் வந்ததும், 1906-ல் லெ மான்ஸில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் கழற்றி மாட்டும் மிஷ்லின் ரிம்களோடு ஓடிய ரெனோ கார் ஜெயித்ததும், வழியில் டயர் மாற்றுவது எவ்வளவு பெரிய பாடாக இருந்தது என்பதற்குச் சாட்சி.

அறிகுறி 4: முன் டயரின் பட்டன் ரம்பம் போல் ஒரு பக்கம் கூர்மையாக இருக்கிறது

உள்ளங்கையை டயரின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கையைப் பிடிக்கும் சொரசொரப்பும் இருந்தால் முன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. ஓரிரு நூறு கிலோமீட்டரிலேயே ஒரு புது டயரை இது நாசம் செய்யும்.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் இந்தச் சக்கரத்தில் மாட்டும் கிளிப் பெரும்பாலும் பொருந்தாது. மரச் சக்கரம் என்றால் மாட்டவே விடாதீர்கள். வீட்டிலேயே அளக்கலாம். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, பட்டனின் நடுவில் சாக்பீஸால் ஒரு பட்டையும், அசையாமல் பிடித்த ஆணியால் அதன் மேல் ஒரு மெல்லிய கோடும் இழுங்கள். காரை இறக்கி, இரண்டு மூன்று அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உயரத்தில், இரண்டு கோடுகளுக்கும் இடையே முன்னால் ஒரு தூரம், பின்னால் ஒரு தூரம் என்று அளந்து கழியுங்கள். நேரான மூங்கில் கம்பில் இரண்டு ஆணி அடித்து வைத்தால் டேப்பைவிடத் துல்லியம். முன் தூரம் பின் தூரத்தைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைவாக இருப்பது இந்த வயதுக் கார்களுக்குப் பொதுவான அளவு. உங்கள் காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

*அளவு தப்பாக இருக்கிறது.* இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டிராக் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முன் ராடின் இரண்டு முனைகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் முனையில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அளவை மாற்றிப் பயனில்லை.

*ராடு வளைந்திருக்கிறது.* தப்பான இடத்தில் ஜாக்கி வைத்ததால் வளைந்த ராடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சூடு காட்டி நிமிர்த்தும் ஆளிடம் கொடுக்காதீர்கள். ஸ்டியரிங் பாகத்தில் சூடு காட்டக் கூடாது. விரிசல் சோதனை செய்யும் வசதியுள்ள பட்டறைக்குத்தான் அது போக வேண்டும்.

அறிகுறி 5: ஒரு சக்கரத்தில் ஓர் ஓரம் மட்டும் தேய்கிறது

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டலாம் என்பது இன்றைய காருக்கான வழி. இந்தக் கார்களில் 1923 வரை முன் சக்கர பிரேக் அபூர்வம். அதனால் ஹப்புக்கும் ஆக்சில் முனைக்கும் இடையே விரலை வைத்து எங்கே அசைகிறது என்று உணர வேண்டும். ஹப்பில் அசைந்தால் பேரிங். அதை இறுக்குவது சுலபம். கிங்பின்னில் (ஸ்டியரிங் திருப்பும்போது முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) அசைந்தால் புஷ்ஷும் பின்னும் மாற்ற வேண்டும், கடைசல் பட்டறை வேலை.

கம்பிச் சக்கரம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஹப்பின் பல்வரிசை தேய்ந்திருக்கும். மரச் சக்கரம் என்றால் வறண்ட கோடையில் ஆரக்கால்கள் சுருங்கித் தளரும். ஆரக்காலுக்கு ஆரக்கால் கட்டைவிரலால் தள்ளுங்கள். ஒன்று அசைந்தாலும் காரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மரவேலைக்காரரிடம் அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து இறுக்குவது சில நாள் தாங்கும், பிறகு இன்னும் மோசமாகும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆக்சிலே வளைந்திருக்கும். இதுதான் இந்தப் பட்டியலில் அதிகச் செலவுள்ள பதில். அதை நிபுணரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

அறிகுறி 6: திட்டுத் திட்டாகப் பள்ளம்

ஒரே ஒரு தட்டையான இடம், அதுவும் நாலு டயரிலும் தரையில் படும் பக்கத்திலேயே என்றால் கார் நெடுநாள் நின்றதுதான் காரணம். முழுக் காற்றோடு சற்று ஓட்டினால் சில சமயம் சரியாகும். இனி நிறுத்தி வைக்கும்போது ஆக்சிலுக்கு அடியில் தாங்கி கொடுத்து எடையைத் தூக்கிவிடுங்கள்.

ஒரு டயரில் மட்டும் தேய்ந்த தட்டை என்றால் பிரேக் அந்தச் சக்கரத்தைப் பூட்டுகிறது.

சுற்றிலும் பல பள்ளங்கள் என்றால் சக்கரம் துள்ளுகிறது. ஹார்ட்ஃபோர்டு வகை உராய்வு ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கும், அல்லது லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் தேய்ந்திருக்கும். ஷாக் அப்சார்பரின் நடு நட்டை இறுக்கிப் பார்ப்பது இலவசம், அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 7: முன் டயர் புதுசு போலிருக்க, பின் டயர் மட்டும் மொட்டையாகிறது

ஓரளவுக்கு இது இயல்புதான். இழுப்பதும் பின் சக்கரம், நிறுத்துவதும் பின் சக்கரம். சில்வர் கோஸ்ட்டுக்கு நாலு சக்கர பிரேக் வந்ததே அதன் கடைசி ஆண்டுகளில்தான். ஆனால் இரண்டு பின் டயர்களும் சமமாகத் தேய வேண்டும். ஒன்று மட்டும் வேகமாகப் போனால் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, உதவியாளர் பிரேக்கை மெல்லப் பிடிக்க, இரண்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று முன்னதாக இறுகினால் பிரேக் ராடைச் சரிசெய்ய வேண்டும். உள்பக்கம் ரப்பர் மிருதுவாகிக் கையில் ஒட்டினால் ஆக்சில் எண்ணெய் கசிகிறது, சீலைப் பாருங்கள்.

முன்னையும் பின்னையும் மாற்றிப் போடும் முன் எண்ணைப் படியுங்கள். சில கார்களில் இரண்டுக்கும் அளவே வேறு.

அறிகுறி 8: பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் விரிசல், புடைப்பு

இந்தக் கார்கள் ஓடுவது குறைவு, நிற்பது அதிகம். தேய்ந்து போகும் டயரைவிட வயதாகிப் போகும் டயரே அதிகம். பக்கவாட்டில் மெல்லிய வலை போன்ற விரிசல் இருந்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். விரிசலுக்குள் துணி தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். புடைப்பு என்பது உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரீட்ரெட் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பட்டனைப் புதுசாக்கலாம், அறுந்த நூலையும் நீண்ட விளிம்பையும் புதுசாக்க முடியாது.

காரோடு வந்த மிகப் பழைய டயர் என்றால் அதை ஓட்டவே கூடாது. அன்றைய டயரின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நெய்த கான்வாஸ் துணி இருந்தது. டயர் வளையும்போதெல்லாம் நூலும் நூலும் உராய்ந்து, சூடேறி அறுந்தன. குறுக்கு நூல் இல்லாத கார்டு டயர் வந்த பிறகுதான் ஆயுள் கூடியது. ரப்பரில் கார்பன் கருப்பு என்ற கரித்தூளைச் சேர்க்கத் தொடங்கியதும் பட்டனின் உழைப்பும் பல மடங்கானது. அந்த நாளில் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் தோட்டங்களில் பால் எடுத்த கைகளில் நம் தமிழ்க் கைகள் எத்தனையோ. அதை நினைத்தால் இந்த டயர்களை அலட்சியமாக வைத்திருக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பழைய டயரைக் கழற்றிப் பத்திரமாகச் சுவரில் மாட்டுங்கள்.

புதுசு வாங்கும்போது 1910-க்கு முந்தைய தோற்றத்துக்காக வெள்ளை டயர் கேட்பவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். கார்பன் கருப்பு இல்லாததால் அது கருப்பு டயரைவிட வேகமாகத் தேயும் என்று தெரிந்தே வாங்குங்கள். கண்காட்சிக்கு வெள்ளை, நீண்ட ஓட்டத்துக்குக் கருப்பு என்று இரண்டு செட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கழற்றி மாட்டும் கம்பிச் சக்கரம் இருந்தால் அது நடைமுறைக்கு ஒத்து வரும். எந்த நிறமானாலும் டயரோடு டியூபையும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் செக்யூரிட்டி போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், ரிம்மில் ஒரு சாக்பீஸ் கோடும் போட்டு வையுங்கள்.